சாமிக்கு ஆகாத பூ

மணிமொழி மண்வெட்டியோடு வாசலுக்கு வந்தபோது, கனகாம்பரச் செடியில் இன்றைக்கும் ஒரு பூ இல்லை. நேற்று சாயங்காலம் நாலைந்து பூத்திருந்தது.

தெருவில் போகிற வருகிற எல்லார் மேலும் அவளுக்குச் சந்தேகம்.

விடிவதற்குள் மலை சுற்றக் கிளம்புகிறவர்கள் கேரிபேக்கும் கையுமாக வருவார்கள். ஊரான் வீட்டுப் பூவைப் பறித்து அண்ணாமலையாருக்குச் சாத்துவதில் அவர்களுக்குக் கூச்சமே கிடையாது. முதலில் செம்பருத்தி போனது. பிறகு நந்தியாவட்டை.

அதனால்தான் யோசித்து யோசித்துக் கனகாம்பரம் வாங்கினாள். ஒரு தடவை வைத்தால் வருஷக்கணக்கில் பூக்கும்; வாசனை இல்லாததால் சாமிக்கு ஆகாது, தலைக்குத்தான் ஆகும் என்று நர்சரிக்காரர் கண்ணாயிரம் சொல்லியிருந்தார். சாமிக்கு ஆகாத பூவை எந்தப் பக்தர் தொடப்போகிறார்?

அதுவும் போனது.

அப்படியானால் யாரோ தலையில் வைக்கிறாள். எதிர்வீட்டு ராஜம்மாளின் கொண்டையை மூன்று நாளாக உற்று உற்றுப் பார்த்தாள். பால்காரி திரௌபதியைத் தெருமுனை திரும்பும்வரை பார்த்தாள். இரண்டு தலையிலும் மல்லிகைதான். இந்த வீட்டிலோ பூ வைக்கிற தலை ஒன்றே ஒன்று, அது அவளுடையது.

இனி பொறுப்பதற்கில்லை. கனகாம்பரத்தைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் முள்செடி. அதுவும் வருஷம் பூராவும் பூக்கும், ஆனால் கை வைத்தால் ரத்தம் பார்க்காமல் விடாது.

கணவனின் அக்கா சரோஜா பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அது பாட்டுக்கு இருக்கட்டுமே மணி. நல்லா பூக்கிற செடியாச்சே."

"யாருக்குப் பூக்குதுன்னே தெரியல அண்ணி. இன்னிக்குப் புடுங்கிட்டுத்தான் மறுவேலை."

பிடுங்கப்போகிற செடிக்கே சரோஜா குனிந்து தண்ணீர் ஊற்றினாள். அப்போது அவள் கொண்டைக்குள்ளிருந்து ஏதோ நழுவி ஈர மண்ணில் விழுந்தது.

நாலே நாலு கனகாம்பரம். நூலில் நெருக்கிக் கட்டியது.

சரோஜாவின் கை பின்கழுத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

அவள் புருஷன் போய்ப் பதினோரு வருஷம். பூ வைக்காதே என்று இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. வைத்துக்கொள் என்றும் யாரும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை வாங்குகிற மல்லிகையில் எதிர்வீட்டுக்குக்கூடக் கிள்ளிக் கொடுக்கிறவள் மணிமொழி. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"என்னா மணி, திருடி ஆப்ட்டாளா?" எதிர்வீட்டு வாசலிலிருந்து ராஜம்மாள் கேட்டாள்.

மணிமொழி அந்தத் துண்டுச் சரத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"திருடியும் இல்ல ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் மலைக் குரங்கு வேலை."

பிறகு கனகாம்பரத்தை வேர் அறுபடாமல் மண்ணோடு பெயர்த்து எடுத்தாள். கொல்லைப்பக்கம் போய், சரோஜாவின் அறை ஜன்னலுக்குக் கீழே குழி தோண்ட ஆரம்பித்தாள்.

மிச்சத் தண்ணீரோடு சரோஜா பின்னாலேயே வந்தாள்.