பிள்ளையில்லாதவள்

"அந்தச் சீனித் தட்டை அவங்க தொட வேணாம். பிள்ளை பெத்தவங்க எடுத்துக் கொடுக்கட்டும்."

மாப்பிள்ளையின் அம்மா அமீர் நிஷா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தட்டை எடுக்கப் போன பங்கஜவல்லி கையை இழுத்துக்கொண்டாள்.

பெண்ணின் அம்மா ஆஸியா பீவிக்கு முகம் சுருங்கியது. பங்கஜவல்லி அடுத்த வீட்டுக்காரி. இருபத்துநாலு வருஷப் பழக்கம்.

ஆனால் இன்று ஒரே மகள் ரிஃபானாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டாரை எதிர்த்துப் பேச முடியுமா?

பங்கஜவல்லியே பேச்சை மாற்றினாள். "மாப்பிள்ளைத் தம்பி சென்னையிலயா பொறந்துச்சு?"

"இல்லங்க, எங்க உம்மா வீடு நாகூரு. பிரசவம் இங்க காரைக்கால் ஆஸ்பத்திரியிலதான். வலிப்பு வந்து பத்து நாள் எனக்கு நினைவே இல்ல. எங்க உம்மாதான் டின் பால் கொடுத்து என் ஒத்தப் புள்ளைய வளத்தாங்க."

பங்கஜவல்லியின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து டீ முழுதும் பாயில் கொட்டியது.

"ஆஸியா, இந்த நிக்காஹ் வேணாம்."

ஆஸியா பீவி அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"என்ன சொல்றே பங்கஜம்?"

"வேணாம்னா வேணாம். நடக்கக் கூடாது."

அமீர் நிஷா எழுந்துவிட்டாள். "தட்டைத் தொடாதேன்னு சொன்ன கோவமா? இதுக்குத்தான் பிள்ளையில்லாதவங்களை நல்ல காரியத்துல முன்னால விடுறதில்ல. வயித்தெரிச்சல்!"

ரிஃபானாவின் வாப்பா ஜவஹர் அலி ஓடி வந்தார். கூடவே பள்ளிவாசல் இமாம் நூர் அகமது ஹஜ்ரத்தும் வந்தார்.

"பங்கஜம்மா, காரணத்தைச் சொல்லுங்க" என்றார் ஜவஹர் அலி.

"நான் சொல்ல மாட்டேங்கண்ணே. யார்கிட்டயும் சொல்லாதேன்னு ஒருத்தங்க என் கையைப் பிடிச்சுக் கேட்டாங்க. அவங்களே சொல்லட்டும்." அமீர் நிஷாவைப் பார்த்தாள். "நாகூருக்கு, உங்க உம்மாவுக்கு ஒரு போன் போடுங்க. கோட்டுச்சேரி பங்கஜவல்லின்னு மட்டும் சொல்லுங்க."

பொய்யை நிரூபித்துவிடும் வேகத்தில் அமீர் நிஷா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"பங்கஜவல்லியா?" என்று கிழவியின் குரல் கூடமெங்கும் கேட்டது. "அந்த மகராசி எங்கேடி இருக்கா? அவகிட்ட போனைக் கொடு!"

"உம்மா, யாரு இவங்க?"

"நீ கண் முழிக்காம கிடந்தப்போ உன் புள்ளைக்கு எட்டு நாள், ராவும் பகலுமா பால் கொடுத்தவ. அவ புள்ள பொறந்த அன்னைக்கே போயிடுச்சு. அழுதுக்கிட்டே உன் புள்ளைய வாங்கி மடியில போட்டுக்கிட்டா. மாத்து மதத்துப் பாலுன்னு உன் மாமியா ஏதாவது பேசுவான்னு நான்தான் டின் பால்னு சொல்லி வச்சேன்."

அமீர் நிஷா அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பவும் நிச்சயத்தை ஏன் நிறுத்தணும்?" என்றார் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர்.

ஆஸியா பீவி அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். "இவ ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்த மாசம்தான் ரிஃபானா பொறந்தா. எனக்குப் பாலே இல்ல. மூணு மாசம் இவதான் கொடுத்தா."

ஹஜ்ரத் தாடியைத் தடவினார். "அப்போ பேச்சுக்கே இடமில்ல. ஒருத்தி பாலை இப்படிக் குடிச்ச ரெண்டு பேரும் உடன்பிறப்பு. நிக்காஹ் ஹராம். பால் கொடுத்தவங்க எந்த மதமா இருந்தாலும் சரி, அவங்க தாய்தான்."

கொல்லையில் அறுபது பேருக்குப் பிரியாணி தம்மில் இருந்தது.

திரைக்குப் பின்னால் இருந்த ரிஃபானா வெளியே வந்தாள். மாப்பிள்ளை தஹ்ஸீன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இனிமே எதுக்கு வெக்கம்? உங்க முன்னாடி நான் முக்காடு போடணும்கிற அவசியம்கூட இல்லையாம்" என்றாள் அவள். "சாப்பிட வாங்க, நானா."

நானா! அண்ணன்! கூடமே சிரித்துவிட்டது.

"ஒரே சஹன் தட்டுல சேர்ந்து சாப்பிட உக்காருவோம். அம்மா, நீங்களும் வாங்க" என்று தஹ்ஸீன் பங்கஜவல்லியைக் கூப்பிட்டான்.

"இன்னைக்குச் சனிக்கிழமைப்பா, நான் சைவம்" என்றாள் பங்கஜவல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"உனக்குத் தயிர்சாதம் தனியா இருக்குடி" என்றாள் ஆஸியா பீவி.

அமீர் நிஷா எழுந்தாள். சீனித் தட்டை இரு கையாலும் எடுத்து வந்து பங்கஜவல்லியிடம் நீட்டினாள்.

"எல்லாருக்கும் நீங்களே எடுத்துக் கொடுங்க. எனக்குப் புள்ள ஒண்ணு, ஆஸியாவுக்கும் ஒண்ணு. எங்க ரெண்டு பேரைவிட உங்களுக்குத்தானே பிள்ளைங்க அதிகம்!"