புவாங் டேரா

தன்னுடைய கேஸுக்குத் தீர்ப்பு வரப்போகும் நேரத்தில் என் அண்ணன் அலன் கொட்டாவி விட்டான்.

அலோர் ஸ்டார் உயர்நீதிமன்றம். பக்கத்தில் அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் லாயர் குணசுந்தரி மேடம் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருந்தார். இவனுக்குக் கொட்டாவி!

தொடையில் கிள்ளினேன்.

"என்னாடி?"

"உனக்காகத்தான் இத்தன பேரு உக்காந்திருக்கோம். மூஞ்சியக் கொஞ்சம் கவலையா வச்சுக்க."

"ஸ்கூல்லேர்ந்து நின்னாலும் நின்ன, உனக்கு வாய் கூடிப்போச்சு லா."

விஷயம் இதுதான். கோலா கெத்திலில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் பாராங் கத்திச் சண்டை நடந்தது. அதில் இவனும் இருந்தான். இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். போலீஸ் பிடித்தது, விசாரித்தது, விட்டுவிட்டது. இரண்டு வருஷம் கழித்து, ஊரே மறந்த பிறகு, 'புவாங் டேரா' உத்தரவு வந்தது. சொந்த ஊர்ப்பக்கம் தலைகாட்டக் கூடாது. தஞ்சோங் டாவாயில்தான் தங்க வேண்டும். வாரா வாரம் அங்கே போலீஸ் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

மலாயில் டேரா என்றால் மாவட்டம், புவாங் என்றால் தூக்கி எறிவது. குப்பைக்கும் அதே சொல்தான்.

அன்றிலிருந்து அவன் அந்த மீனவர் கம்பத்தில், அந்தக் கடலோரக் கிராமத்தில், கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தான். இன்றைக்குக் கோர்ட்டுக்கு வரக்கூட அனுமதி கேட்டுத்தான் வந்தான். அவன் உட்கார்ந்த பெஞ்சு முழுக்கக் கருவாட்டு நாற்றம்.

இந்த ஒரு வருஷத்தில் சொந்தக்காரன் ஒருத்தன்கூட எட்டிப் பார்க்கவில்லை. சர்ச்சில் எங்களைக் கண்டால் ரஃபேல் சித்தப்பா பெஞ்சு மாறி உட்கார்ந்தார். கைகொடுத்தது தாசன் அண்ணன் மட்டும்தான். முழுப்பெயர் காளிதாசன். குண்டர் கும்பல் தலைவன் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். சொன்னவன் எவனும் எங்களுக்கு லாயர் வைத்துத் தரவில்லை. அவர்தான் வைத்தார்.

நீதிபதி மலாயில் தீர்ப்பைப் படித்தார். எனக்குப் புரிந்தது இதுதான்.

ஆபத்தைத் தடுக்கத்தான் இந்த மாதிரி உத்தரவு. ஆபத்தான ஆள் என்றால் அப்போதே அனுப்பியிருக்க வேண்டும். அத்தனை நாள் ஊருக்குள் உலவ விட்டுவிட்டு, திடீரென்று ஆபத்து என்றால் எப்படி? ஏன் இவ்வளவு தாமதம் என்று அரசுத் தரப்பால் சொல்ல முடியவில்லை. உத்தரவு ரத்து.

அம்மா சத்தமாகவே அழுதாள். மேடம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அலன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்ததும் ஆரம்பித்தேன்.

"இவன்லாம் மனுசனாம்மா? மேடத்துக்கு ஒரு தேங்க்ஸ் சொன்னானா?"

"சந்தோசத்துல வாய் அடைச்சுப் போயிருக்கும். விடுடி."

"சந்தோசமாம்! டாவாய்ல எவளாச்சும் மாட்டியிருப்பா. அதான் வீட்டுக்கு வர மனசில்ல."

"ஆமாடி, கருவாட்டுக்காரி. இனிமே அண்ணின்னு கூப்பிடு" என்றான். பிறகு அம்மா பக்கம் திரும்பினான். "மா, நான் அங்கேயே இருந்துக்கறேனே. வேலை இருக்கு. முதலாளியும் நல்ல மனுசன்."

"வாய மூடு! இத்தன நொவேனா ஜெபம் சொன்னது நீ கருவாடு காயப்போடறதுக்கா?"

அதற்குள் தாசன் அண்ணன் காடியிலிருந்து இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை, வாய்கொள்ளாத சிரிப்பு. அம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஆண்டவர்தான் உங்கள அனுப்புனாரு தம்பி!"

"அட, நம்ம பையனுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்?" என்றவர், அலன் தோளில் கை போட்டார். "ஏர்றா காடில. பசங்க காத்துக்கிட்டிருக்கானுங்க. மெர்கோங்ல ஒரு சின்ன வேலை. நீதான் கூட வரணும்."

"இல்லண்ணே... அங்க கருவாட்டு வேலைய அப்படியே போட்டுட்டு..."

"கருவாடா?" தாசன் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "டேய், நான் ஃபோன் போட்டப்பல்லாம் என்ன சொன்ன? 'வரணும்னுதான் ஆசையா இருக்குண்ணே, போலீஸ் விடமாட்டேங்குது'ன்னியா இல்லியா?"

அலன் கோர்ட் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அதுக்குத்தானே லாயர் வச்சேன்? இப்ப போலீஸே விட்டுருச்சு. இனி யாரு விடமாட்டேங்குறா?"

சிரித்தபடியேதான் கேட்டார். தோளில் இருந்த கை மட்டும் சிரிக்கவில்லை. அண்ணன் சட்டை அந்த இடத்தில் கசங்கிக்கொண்டிருந்தது.

குணசுந்தரி மேடம் பையைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். அலன் அந்தக் கையை விலக்கிவிட்டு அவர் பின்னால் ஓடினான். நானும் ஓடினேன். ஒருவழியாக நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

"மேடம், அவங்க அப்பீல் போடுவாங்களா?"

"போடமாட்டாங்கன்னுதான் நெனைக்கிறேன். பயப்படாதீங்க அலன். நாமதான் ஜெயிச்சுட்டோமே."

அவன் திரும்பித் தாசன் அண்ணனை ஒரு தடவை பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"ஜெயிச்சவங்க அப்பீல் போட முடியாதா மேடம்?"