இரண்டாம் பாகத்தின் இருட்டு அறை

பேருந்தின் முன் இருக்கையிலிருந்து என் வீட்டுக்காரரின் குறட்டை கேட்டது.

அவரோ அந்த நேரத்தில் அலுவலகத்தில் இருந்தார்.

எட்டிப் பார்த்தேன். ஜன்னலோரம் ஒரு பெண், நாற்பதை நெருங்கியிருப்பாள். மடியில் கையடக்க வீடியோ கேம். அதன் திரையில் எங்கள் விண்கலம்.

நாங்கள் செய்த விளையாட்டின் இரண்டாம் பாகம் அது. சத்தங்கள் எல்லாம் என் கைவேலை. அதில் வரும் வேற்றுக்கிரக ஜந்துவின் மூச்சுக்கு, அவருக்கே தெரியாமல் நான் பதிவுசெய்த குறட்டைதான் மூலம். விண்கலத்தின் கதவுக்குக் குக்கர் மூடி. எரிகல் மழைக்குத் தகர டப்பாவில் குலுக்கிய சட்டைப் பொத்தான்கள். அந்த வருஷம் வீட்டில் நான் தட்டிப் பார்க்காத சாமானே இல்லை.

முதல் பாகத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். இரண்டாவது வருவதற்குள் எல்லார் கவனமும் போனுக்குப் போய்விட்டது. வாங்கிய சிலரும், ஒரே இரைச்சல், சத்தத்தை அணைத்துவிட்டு ஆடுங்கள் என்று எழுதினார்கள்.

கம்பெனி மூடப்பட்டது. மைக்கைப் பரணில் போட்டுவிட்டு, அண்ணியின் துணிக்கடையில் வேலைக்குச் சேர அன்று காலை கிளம்பியிருந்தேன்.

அந்தப் பெண், பக்கத்திலிருந்த அக்காவோடு வம்பளந்துகொண்டே ஆடினாள். சித்தி மகனுக்கு வாய்த்த மாமியாரின் தலை உருண்டுகொண்டிருந்தது.

"அந்தம்மா வாசல்ல வந்து நின்னாலே அவனுக்கு பிரஷர் ஏறுதாம்க்கா."

பேச்சு ஒரு பக்கம், விரல்கள் ஒரு பக்கம். ஜந்து இடப்புறம் மூச்சுவிட்டால் வலப்புறம் பதுங்கினாள். தூரத்தில் கதவு முனகியதுமே நேராக அங்கே போய் நின்றாள். நன்றாக ஊறிப்போன கை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து இருட்டு அறை.

விண்கலத்தில் மின்சாரம் போய்விடும். திரை முழுக்கக் கறுப்பு. காற்று எங்கே கசிகிறது, தரை எங்கே கிறீச்சிடுகிறது என்று காதை மட்டும் நம்பி வெளியேற வேண்டும். இதை எவன் ஆடுவான், தூக்கிடுங்க என்றார் முதலாளி. மல்லுக்கு நின்று வைத்தேன். எங்கள் ஆட்களே அங்கே முட்டி மோதித் திணறினார்கள்.

துணிக்கடை நிறுத்தம் வந்தது. அண்ணி போனில் அழைத்தாள். நான் எழுந்திருக்கவில்லை.

திரை கறுத்தது.

அவள் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. அந்த மாமியார் எப்படித் தொண்டையைச் செருமுவாள் என்று செய்துகாட்டியபடியே, ஒரு சுவரிலும் இடிக்காமல் மறுபக்கம் வந்துவிட்டாள்.

எத்தனையோ பேர் ஆடிப் பார்த்திருக்கிறேன். நான் போட்ட ஒவ்வொரு சத்தத்துக்கும் இப்படி மரியாதை கொடுத்து யாரும் ஆடியதில்லை.

பொறுக்கமாட்டாமல் முன்னால் குனிந்து கேட்டேவிட்டேன்.

"அந்த இருட்டு அறையை எப்படிங்க இவ்வளவு லேசா தாண்டுனீங்க?"

விளையாட்டை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் உண்மையான ஆச்சரியம்.

"இருட்டு அறையா? இதுல அப்படி ஒண்ணு இருக்கா?"

பேருந்து நின்றது. அக்கா பைக்குள்ளிருந்து மடக்கு வெள்ளைக்கோலை எடுத்து, நீட்டி, அவள் கையில் கொடுத்தாள்.