ஏற்றிய சூடம்

பானட்டைத் தூக்கியதுமே கதிரேசனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கார்புரேட்டரில் பெட்ரோலை நிறுத்த வேண்டிய ஊசி சிக்கிக்கொண்டு, பெட்ரோல் நிரம்பி இன்ஜின்மேல் வழிந்துகொண்டிருந்தது. ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டினால் சிலசமயம் விட்டுக்கொடுக்கும். தட்டினான். இரண்டு கையும் மணிக்கட்டுவரை நனைந்ததுதான் மிச்சம். பின்சீட்டில் மகள் மங்கை, மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தாள். அவளை இறக்க இரண்டு ஆள் வேண்டும். அந்த நேரம் பார்த்து அக்கா வடிவு, வண்டிக்குக் காட்டுவதற்காகத் தட்டில் சூடம் ஏற்றிக்கொண்டு வாசற்படி இறங்கினாள்.

“அக்கா, பெட்ரோல் வழியுது. அத அணைச்சிரு.”

“ஏத்துன சூடத்த ஊதி அணைக்கவா? புள்ள காலு ஒடஞ்சது பத்தலையாடா ஒனக்கு? வண்டி கெளம்பாததே கண்ணேறுதான்.”

கத்தினால் பதறித் தட்டை நழுவவிடுவாள். தட்டைப் பிடுங்கவோ அவன் கை உதவாது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை விட்டு விலகினான்.

“மொதல்ல எனக்குக் காட்டுக்கா. இப்படி வா.”

அவள் முணுமுணுத்துக்கொண்டே தொடர்ந்தாள். அவன் ஓரடி ஓரடியாகப் பின்னால் நகர்ந்தான். கையெல்லாம் பெட்ரோல் என்று சொன்னால், அவனை விட்டுவிட்டு நேரே வண்டிக்குக் காட்டத் திரும்பிவிடுவாள். சூடம் இன்னும் பாதிகூடக் கரையவில்லை. முதுகில் மதில் முட்டியது.

“சின்னப்புள்ளையாட்டம் என்னடா இது? தொட்டுக் கண்ணுல ஒத்திக்க,” என்று அக்கா தட்டை நெருக்கமாக நீட்டினாள். “கையக் காட்டு.”