அனுமதி இல்லை

"இன்னுமா சரியாகல?" மேனேஜர் மறுபடியும் வந்து நின்றார்.

"பாத்துட்டுதான் சார் இருக்கேன்" என்றாள் சர்வர் அக்கா. சர்வர்களைக் கட்டி மேய்ப்பவளுக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. காலையிலிருந்து இதே கேள்வி, இதே பதில்.

அங்கே எழுதப்படும் புரோகிராம்கள் எல்லாம் பழையது புதியது என்று ஒன்றுவிடாமல் ஒரே ரெபாசிட்டரியில் இருந்தன. இன்று யார் திறந்தாலும் 'அனுமதி இல்லை' என்றே வந்தது. நோயாளிகளுக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவிக்கான புதிய வெர்ஷன் அதற்குள்தான் கிடந்தது. இன்றே மருத்துவமனைகளுக்குப் போயாக வேண்டும்.

"வெப் சர்வர் செத்துப்போச்சா?"

"ஓடுது சார். பாஸ்வேர்டையும் ஏத்துக்குது. அப்புறம்தான் கையை விரிக்குது."

"ரீஸ்டார்ட் பண்ணும்மா!"

பண்ணினாள். மறுபடியும் 'அனுமதி இல்லை'. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஃபோல்டருக்கு உரிமை இல்லைன்னா குடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே?"

"ஒவ்வொண்ணா பாக்கணும் சார். கண்டபடி திறந்துவிட்டா உள்ள இருக்கிறதே கெட்டுப்போகும்."

மூலையிலிருந்து டெஸ்டர் பெண் எழுந்தாள். "சார், அதுவரைக்கும் அந்த டோஸ் விஷயத்தை இன்னொரு தரம்..."

"நீ வேற ஆரம்பிக்காதே! அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்னு நேத்தே சொல்லியாச்சு."

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

சர்வர் அக்காவுக்குக் கழுத்து மரத்துப்போயிருந்தது. வீட்டிலிருந்து கணவன் அழைத்தான்.

"சாப்பிட்டியா?"

"திட்டுதான். வயிறு நிறைய."

மாலையில் மேனேஜரின் போன் அடித்தது. பேசியவர் மருத்துவமனை ஒன்றின் தலைமை டாக்டர். கேட்கக் கேட்க மேனேஜரின் முகம் வெளிறியது.

"டபுள் டோஸா...? வீடியோவே வந்திருக்கா...? சரிங்க டாக்டர், நிறுத்திடறோம். இல்லைங்க, இன்னும் எங்கேயும் அனுப்பல."

போனை வைத்தவர், யாரையும் பார்க்காமல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டெஸ்டர் பெண் அருகில் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"டெஸ்ட் முடிச்சு டாக்டருக்கு வீடியோ அனுப்பறதுக்குள்ள வெர்ஷன் போயிடுமோன்னு உயிரைக் கையில பிடிச்சிட்டு இருந்தேன்க்கா. நல்லவேளை, ரெபாசிட்டரி படுத்துடுச்சு."

"அது எங்கடி படுத்துச்சு?" என்றபடி, காலையில் தன் கையாலேயே எடுத்துவிட்ட அனுமதியைத் திருப்பிக் கொடுத்தாள் சர்வர் அக்கா.