இருபத்து நாலாவது கை

"இருபத்து மூணு பேர் கையிலயும் கிருமி. உன் கையில மட்டும் ஒண்ணுமில்ல. இதுக்கு என்ன அர்த்தம்னு நீயே சொல்லு, நிகோலாசா."

டோன் எவாரிஸ்தோ ஆய்வக அறிக்கையை மேசையில் ஓங்கி அடித்தார். மடியில் இருந்த சண்டைச் சேவல் சிறகை உதறியது. உடனே குரலைத் தாழ்த்தி அதன் முதுகைத் தடவிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை போவாக்கோ ஊர்ச் சேவல் சண்டைக் களத்தில் அது இறங்க வேண்டும். அதன் மனம் கோணக்கூடாது.

"நான் கையை ஒழுங்கா கழுவினேன்னு அர்த்தம்," என்றாள் நிகோலாசா. அவருடைய பாலாடைக்கட்டி ஆலையில் பதினொரு வருடமாகக் கட்டியை அச்சில் அழுத்துபவள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"அப்ப மத்தவங்க கழுவலையா?"

"எல்லாரும்தான் கழுவினாங்க. முழங்கை வரைக்கும், நகக்கண் வரைக்கும். அன்னைக்கு ஒரு நாள்தான் குழாயடியில சோப்பு இருந்துச்சே."

அன்று என்பது போன வாரம் நடந்த கை கழுவும் விழா. வாசலில் காகிதத் தோரணம், மாரிம்பா இசை, டோன் எவாரிஸ்தோவின் முக்கால் மணி நேரச் சொற்பொழிவு. கேட்டுக்கொண்டிருந்த இருபத்து நாலு பேரும் கழுவிய கைகளை எதிலும் படாமல் மேலே தூக்கியபடி, கொள்ளைக்காரனிடம் மாட்டிக்கொண்டவர்களைப் போல நின்றார்கள். விழா முடிந்ததும், பாலாடைக்கட்டி வாங்கும் தலைநகர் மனாகுவா நிறுவனம் அனுப்பிய ஆய்வகப் பெண் ஒவ்வொரு கையையும் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்துப் போனாள்.

விழாவின் புகைப்படம் இப்போது கண்ணாடிச் சட்டத்துக்குள், கன்னி மரியாள் படத்துக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. அதில் தன் மீசை நன்றாக விழுந்திருப்பதை டோன் எவாரிஸ்தோ தினமும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

"என்ன கிருமி தெரியுமா? சால்மொனெல்லா. கோழி எச்சத்துல இருக்குமாம். நம்ம ஆலையில கோழி ஏது? பன்ஃபிலோ, நீ சொல்லு."

"ஒண்ணுகூட இல்ல, முதலாளி," என்றார் மேற்பார்வையாளர் பன்ஃபிலோ, சேவலைப் பார்க்காமல். அதைக் கோழி என்று சொன்ன ஒருவனுக்குப் போன வருடமே வேலை போய்விட்டது.

"அப்ப யாரோ வெளியில இருந்து கொண்டுவந்து பூசியிருக்காங்க. அடுத்தவங்க மேல பூசுறவ தன் கையை மட்டும் சுத்தமா வச்சுக்குவா. சரியா வருதா?"

"கச்சிதமா வருது, முதலாளி."

டோன் எவாரிஸ்தோ தட்டச்சு செய்த ஒரு கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"நீதான் செஞ்சேன்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போ, போலீசுக்குச் சொல்லல. யார் செஞ்சதுன்னு பன்னெண்டு மணிக்குள்ள எழுதி அனுப்பணுமாம். போடலைன்னா, மனாகுவாக்காரன் நம்ம கட்டி ஒண்ணைக்கூட எடுக்க மாட்டான். ஆலையை இழுத்து மூடிடுவேன். இருபத்து நாலு வீட்டு அடுப்பும் அணையும். உன்னால."

நிகோலாசாவின் வீட்டில் மூன்று பிள்ளைகள். கோஸ்தாரிகாவுக்குக் காப்பி பறிக்கப் போன கணவனிடமிருந்து ஒரு வருடமாகத் தகவல் இல்லை. அந்த ஊரில் வேறு ஆலையும் இல்லை.

"சோப்புப் பெட்டி காலியா கிடக்குன்னு எத்தனை தடவை சொன்னேன்? அடுப்புச் சாம்பலைத் தேய்ச்சுக் கழுவிட்டுக் கட்டியில கை வைக்கிறோம். உங்க விழாவுக்கு வந்த சோப்பை மறுநாளே அலமாரியில பூட்டிட்டீங்க. எனக்குக் கோபம் இருக்கு, முதலாளி. நிறைய இருக்கு. ஆனா என் கோபத்தை உங்க மூஞ்சிக்கு நேராத்தான் காட்டுவேன். கூட நிக்கிறவ சோத்துல மண் போட மாட்டேன்."

"காட்டினியே. விழாவுக்கு மொத நாள் எல்லார் முன்னாடியும் கத்தினியே. அந்த வாய்க்கொழுப்பைத்தான் கடிதத்துல காரணமா எழுதியிருக்கேன்."

"கடுதாசி போதுமா? அத்தாட்சி கேட்டா?" என்றாள் நிகோலாசா.

"அத்தாட்சியா?" டோன் எவாரிஸ்தோ மீசையை நீவினார். "விழாப் படத்தையும் சேர்த்து அனுப்புறேன். நான் என் ஆளுங்களைப் பெத்த பிள்ளையாட்டம் நடத்துறதை அவங்களும் பார்க்கட்டும். பன்ஃபிலோ, அதைக் கழட்டு."

பன்ஃபிலோ நாற்காலியில் ஏறிப் படத்தைக் கழற்றினார். சட்டைக் கையால் தூசி துடைத்தார். பிறகு இறங்காமல் அப்படியே நின்றார். படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். மெல்லத் தன் வலது உள்ளங்கையைக் கால்சட்டையில் அழுத்தித் தேய்த்தார். அறிக்கையின் இருபத்து மூன்று கைகளில் அவருடையதும் ஒன்று.

"என்னய்யா, பேயைப் பார்த்தவனாட்டம்?"

"ஒண்ணுமில்ல, முதலாளி. இந்தப் படம் வேணாமே. கடுதாசி மட்டும் போதும்."

நிகோலாசா அவர் கையிலிருந்து படத்தைப் பிடுங்கிக் கடிதத்தின் மேல் வைத்தாள்.

"கண்டிப்பா அனுப்புங்க. கை கழுவிட்டு வரிசையா நிக்கிற இருபத்து மூணு பேர் கையையும், ஒரு அக்குள்ல இந்தச் சேவலை இடுக்கிக்கிட்டு, அதைத் தடவிக்கொடுத்த இன்னொரு கையால நீங்க குலுக்கிட்டு வர்றீங்க. உங்களுக்குப் பின்னால நீட்டினபடியே ஒரு கை நிக்குது பாருங்க, சோப்பு கேட்ட கையைத் தொட மாட்டேன்னு நீங்க தாண்டிப் போன கை, அது என்னோடது."