ஐம்பத்திரண்டு பச்சை ஞாயிறுகள்

“வருசத்துல ஒரு ஞாயித்துக்கிழமைகூட விடலியே,” என்றார் எஸ்றா, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு.

தேவகனிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மகன் பெனிஸ்டன் ஒழுங்காகக் கோயிலுக்குப் போகிற பிள்ளை என்பதை, பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணின் அப்பாவே கண்டுபிடித்துச் சொன்னால் வேறென்ன வேண்டும். “அதெல்லாம் தவறவே மாட்டான் அண்ணாச்சி,” என்று மக்ரூன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

எஸ்றா பார்த்துக்கொண்டிருந்தது சபை ரெஜிஸ்டரை அல்ல. தன் மகன் பெவினின் போனில், பெனிஸ்டனின் பக்கத்தை. ஊருக்கெல்லாம் இலவசமாகப் புரோகிராம் எழுதிப் போடுகிறவர்களின் பொது இடம் அது. ஓப்பன் சோர்ஸ் என்பார்கள். நாளுக்கு ஒரு கட்டம். வேலை பார்த்தால் பச்சை, பார்க்காவிட்டால் வெள்ளை. பெனிஸ்டனுக்கு ஒரு வெள்ளைகூட இல்லை.

எஸ்றா சாகுபுரம் ஃபேக்டரியில் முப்பது வருஷம் டைம் ஆபீஸில் இருந்தவர். எவன் எத்தனை மணிக்கு வந்தான், என்றைக்கு மட்டம் போட்டான் என்பதற்கு மேல் மனிதர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்பது அவர் அனுபவம். இப்போது சபைக் கமிட்டியில் இருக்கிறார். அங்கேயும் அதே கண்தான்.

“ஓய்வு நாள்ல வேலை பாக்குத பையனுக்குப் பொண்ணக் குடுக்கதுன்னா யோசிக்கணும்லா,” என்றார்.

தேவகனியின் வாயில் மக்ரூன் கரையாமல் நின்றது.

பெவின் குறுக்கே வந்தான். அவன் பெங்களூரில் மேனேஜர். பெனிஸ்டனைத் தன் கம்பெனியில் எடுக்க ஏற்பாடு செய்திருப்பவனும் அவன்தான். திங்கட்கிழமை ஆர்டர் வரவேண்டும். இந்தக் காலத்தில் எவன் மார்க்ஷீட் பார்க்கிறான், பச்சையைத்தான் பார்க்கிறான் என்று அப்பாவுக்கு விளக்கினான். நூற்று நாற்பது பேர் விண்ணப்பித்ததில் ஒரு வெள்ளைகூட இல்லாதவன் இவன் ஒருத்தன்தானாம். கட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பெவின் தட்டிப் பார்த்ததில்லை. மேனேஜர்களுக்கு நிறம் போதும்.

பெனிஸ்டன் சுவரில் தொங்கிய வசனக் காலெண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பச்சையில் ஒரு கட்டம்கூட அவன் போட்டதில்லை.

துறைமுகத்துக்கு எதிரே ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாமே அவன்தான், பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவுவது உட்பட. ஓப்பன் சோர்ஸுக்கு நேரம் ஏது? இரண்டு வருஷத்துக்கு முன் யாரோ ஒரு புண்ணியவான் இலவசமாகப் போட்டிருந்த ஒரு குட்டிப் புரோகிராமை எடுத்து ஓடவிட்டான். தினமும் காலை ஒன்பது பதினேழுக்கு அது ஒரு ஃபைலில் ஒரு முற்றுப்புள்ளி வைக்கும். மறுநாள் அதே புள்ளியை எடுத்துவிடும். இரண்டுக்கும் பச்சை உண்டு. முகம் தெரியாத அந்த ஆளுக்குக் கீழே ‘நன்றி அண்ணாச்சி’ என்று எழுதிவிட்டு வந்தவன்தான், அப்புறம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

தேவகனி மகனைக் காப்பாற்றக் கிளம்பினாள். “ஞாயித்துக்கிழமை எங்க அண்ணாச்சி வேலை பாக்கான்? கோயில்ல எனக்கு எதுத்த வரிசைலதான இருக்கான்.”

எஸ்றா நிமிர்ந்தார். “ஏலே பெவின், மணி தெரியுமா அதுல?”

பெவின் நாலைந்து ஞாயிறுகளைத் தட்டி மணியை மட்டும் பார்த்து, எல்லாமே ஒன்பது பதினேழு என்றான். என்ன ஒரு டிசிப்ளின் என்றும் சேர்த்துக்கொண்டான்.

“ஒம்பது பதினேழுன்னா பாவ அறிக்கை,” என்றார் எஸ்றா. “சபையே முழங்கால்ல நிக்கி. தம்பி மட்டும் போன நோண்டுதாரு.”

வேலை பார்த்தேன் என்றால் பெண் இல்லை. பார்க்கவில்லை என்றால், அப்போது யார் பார்த்தது என்று பெவின் கேட்பான், ஆர்டர் இல்லை. பெனிஸ்டன் தண்ணீர் குடித்தான். டம்ளர் காலியான பிறகும் கொஞ்சநேரம் குடித்தான்.

எஸ்றாவின் குரல் இறங்கியது. “எங்க ஜெப்ஸியும் இதே தொழில்தான். டெங்கு வந்து பத்து நாளு ஆஸ்பத்திரில கண்ணத் தொறக்காம கெடந்தா. அப்பவும் பச்சை விடலியே. ஆனா ஞாயிறு மட்டும் வெள்ளை. வளர்ப்பு அப்படி.” கடைசியில் பெருமூச்சு விட்டார். முடிவு அவள் கையில்தான், இரண்டு பேரும் மாடியில் பத்து நிமிஷம் பேசிவிட்டு வரட்டும் என்றார்.

மாடியில் உப்புக்காற்று. தூரத்தில் துறைமுகத்துக் கிரேன் ஒன்று கன்டெய்னரைத் தூக்கி, எங்கே வைப்பதென்று தெரியாததுபோல் அந்தரத்தில் நிறுத்தியிருந்தது. ஜெப்ஸி கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு தன் போனில் அவனுடைய பச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தப் பெண்ணிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. வேலை போனால் போகட்டும். பிரிண்டர் எங்கேயும் ஓடிவிடாது.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்று ஆரம்பித்தான். “அந்த ஒம்பது பதினேழு...”

ஜெப்ஸி மாடிப்படிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“நீங்க அந்தப் புரோகிராம அப்டேட் பண்ணவே இல்லியா? ஞாயித்துக்கிழமைக்கு நான் போன வருசமே லீவு விட்டுட்டேன்லா.”